அடுக்கிப் பூட்டும் கருவிப்பெட்டிகள்: வாங்குமுன் கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோரப் பகுதிகளிலும் வயரிங், குழாய் வேலை, அலுமினியப் பொருத்து வேலை, தச்சு வேலை ஆகியவற்றைச் செய்பவர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூட்டும் பெட்டிகளைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்பவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. நான் வயரிங் வேலை செய்பவன். ஆகவே என் உதாரணங்கள் அந்தப் பக்கமே சற்றுச் சாய்ந்திருக்கும்.

இவை வழக்கமான ரூல் பொக்ஸிலிருந்து எதில் வேறுபடுகின்றன?

அடியளவு ஒன்றாகவும் உயரம் வெவ்வேறாகவும் இருக்கும்படி செய்யப்பட்ட பெட்டிகள் இவை. கீழ்ப்பெட்டியின் மூடியில் உள்ள பள்ளங்களில் மேற்பெட்டியின் அடியில் உள்ள மேடுகள் இறங்கி அமர்கின்றன. பக்கத்துக் கொளுவியை மடக்கியதும் இரண்டும் ஒன்றாகப் பிணைந்து, மேற்பெட்டியின் கைபிடியைப் பிடித்துத் தூக்கினால் கீழ்ப்பெட்டியும் கூடவே வருகிறது. அடியில் சில்லு வைத்த பெட்டி, நடுவே டிரில், கிரைண்டர் போன்றவற்றுக்கான ஆழமான பெட்டி, மேலே திருகாணி, ரோல் பிளக் போன்ற சில்லறைச் சாமான்களுக்கான அறைகள் கொண்ட தட்டையான பெட்டி என்பதே வழக்கமான அடுக்கு. லாச்சி வைத்த பெட்டிகளும் உண்டு. அவற்றில், மேலே இருப்பதை இறக்காமலே கீழே உள்ளதை எடுக்கலாம்.

எனக்கு இது உண்மையில் தேவையா?

எல்லோருக்கும் தேவையில்லை. கராஜில் ஒரே இடத்தில் நின்று வேலை செய்பவருக்குச் சுவரில் அடித்த பலகையும் ஆணிகளுமே போதும். மேசன் வேலைக்காரருக்கு 20 லீற்றர் பெயின்ற் வாளியை விஞ்சிய கருவிப்பெட்டி இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம். சாந்தகப்பையும் மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் அதில் ஈரத்தோடே கிடக்கலாம், மாலையில் அதே வாளியில் தண்ணீர் அள்ளிக் கழுவலாம்.

காலையில் ஏறாவூரில் ஒரு விசிறி மாட்டி, மதியம் களுவாஞ்சிக்குடியில் ஒரு மோட்டரைக் கழற்றி, மாலையில் காத்தான்குடியில் ஒரு கடைக்கு லைற் போடுகிறவருக்கே இந்த முறை பயன்படும். கடந்த ஒரு மாதத்தில் ஒரு சாமானை மறந்துவிட்டு எத்தனை தடவை வீட்டுக்குத் திரும்பினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று தடவைகளுக்கு மேல் இருந்தால் பெட்டிக்கான செலவு நியாயமானதுதான். அதற்குக் குறைவாயின், அந்தப் பணத்தில் நல்ல மல்டிமீற்றர் ஒன்றை வாங்குவதே மேல்.

எந்த நிறுவனத்தின் பெட்டி என்பதை முதலில் தீர்மானிப்பதா, எந்த அளவு என்பதையா?

அளவைத்தான். கடைக்குப் போகுமுன் அளவு நாடாவை எடுத்து உங்கள் வாகனத்தை அளந்துகொள்ளுங்கள். போஷ் நிறுவனத்தின் எல்-பொக்ஸ் பெட்டியின் அடியளவு 442 × 357 மில்லிமீற்றர். ஃபெஸ்டூல் நிறுவனத்துச் சிஸ்டெய்னரின் நடுத்தர அளவு 396 × 296 மில்லிமீற்றர். மில்வோக்கி நிறுவனத்தின் பக்அவுட் வகைப் பெரிய பெட்டியோ ஏறத்தாழ 560 × 410 மில்லிமீற்றர். கடையில் பார்க்கும்போது பெரிதாகத் தெரியாத இந்த வேறுபாடு, மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில் வைத்துக் கட்டும்போது துலங்கிவிடும். 40 சென்டிமீற்றர் வரை நீளமுள்ள பெட்டியைப் பின்சீற்றில் குறுக்காக வைத்துக் கட்டலாம். 56 சென்டிமீற்றர் பெட்டி இரு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்பதால், கல்முனைச் சந்தை நெரிசலில் எதிரே வருகிறவரின் முழங்கையைப் பதம் பார்க்கும்.

ஓட்டோவில் கொண்டு செல்பவர், பின்சீற்றுக்கும் முன்சீற்றுக்கும் இடையே கால் வைக்கும் இடத்தின் அகலத்தை அளக்க வேண்டும். பெட்டி அந்தத் தளத்தில் தட்டையாக உட்கார்ந்தால் மேலே இரண்டை அடுக்கலாம், உட்காராவிட்டால் எல்லாமே சீற்றில் சரிந்து கிடக்கும். பட்டா எனப்படும் சிறிய லொறி வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

அதைவிட முக்கியமானது வாகனத்தை விட்டு இறங்கிய பிறகு நடக்க வேண்டிய தூரம். குறுமண்வெளித் துறையில், வாவியைக் கடக்கும் மிதவையான பாதையில் ஏறி மண்டூருக்கு வேலைக்குச் சென்ற ஒரு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று பெட்டிகளையும் ஒன்றாகப் பூட்டியிருந்தேன். கரையிலிருந்து பாதையின் பலகைக்கு ஏறும் அந்த ஒரு சரிவில், தனி ஒருவனாக அதைத் தூக்கவும் முடியவில்லை, உருட்டவும் முடியவில்லை. பின்னால் நின்ற வயற்காரர் ஒருவர் இறங்கி வந்து ஒரு பக்கம் பிடித்தார். அக்கரையிலும் அவரையே தேட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, அடுக்கு முழுவதையும் அல்ல, தனித்தனிப் பெட்டி ஒவ்வொன்றையும் ஒரு கையால் தூக்கிக்கொண்டு நூறு மீற்றர் நடக்க முடிகிறதா என்பதையே அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

ஒரு பெட்டியில் எவ்வளவு பாரம் ஏற்றலாம்?

பெட்டி தாங்கும் பாரத்தைத்தான் உற்பத்தியாளர் அச்சிடுகிறார், உங்கள் முதுகு தாங்கும் பாரத்தை அல்ல. சில்லு வைத்த பக்அவுட் பெட்டி 113 கிலோ வரை தாங்கும் என்கிறார்கள். பிரித்தானியாவின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு தரும் வழிகாட்டலோ, ஓர் ஆண் இடுப்பு உயரத்தில் உடலோடு ஒட்டிப் பிடித்துத் தூக்குவதற்கு 25 கிலோவும், நிலத்திலிருந்து குனிந்து தூக்குவதற்கு 10 கிலோவும் என்று வரையறுக்கிறது. அதைத் தாண்டினால் கூடுதல் கவனம் வேண்டும் என்பது அதன் பொருள். கொங்கிரீற்றில் துளையிடும் ஹாமர் டிரில் சுமார் 3 கிலோ, சிறிய கிரைண்டர் சுமார் 2 கிலோ, 5 அம்பியர்-மணி பற்றரி ஒன்று அரைக் கிலோவுக்குச் சற்று மேல் என்று கூட்டிப் பாருங்கள். பெட்டியின் சொந்தப் பாரத்தையும் சேர்த்தால், நிரம்பியதாகத் தோன்றாத பெட்டிகூட 10 கிலோவை எளிதில் எட்டிவிடும். பாரத்தை ஏற்றுவது பெரும்பாலும் இயந்திரங்கள் அல்ல, ஆணியும் திருகாணியும்தான். ஆகவே அவற்றுக்கு ஆழமான பெட்டி கொடுக்க வேண்டாம், தட்டையானதே போதும்.

வெவ்வேறு நிறுவனங்களின் பெட்டிகளைக் கலந்து அடுக்க முடியுமா?

பொதுவாக முடியாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பூட்டைத் தன் காப்புரிமையாக வைத்திருப்பதால், முதற்பெட்டியை வாங்கும் நாளில் நீங்கள் ஒரு குடும்பத்தோடு சம்பந்தம் செய்துகொள்கிறீர்கள் என்றே சொல்ல வேண்டும். ஒரே நிறுவனத்துக்குள்ளும் பிரிவுகள் உண்டு: டிவோல்ட் நிறுவனத்தின் டஃப்சிஸ்டம் பெட்டியும் சிறிய டிஸ்டாக் பெட்டியும் நேரடியாக ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளா. விலைச்சீட்டில் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தலையைச் சொறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

விதிவிலக்கும் இருக்கிறது. மேலே சொன்ன ஃபெஸ்டூல் பெட்டிகளைச் செய்யும் ஜேர்மனியின் டானோஸ் நிறுவனம் 1993இல் கொண்டுவந்த சிஸ்டெய்னர், முன்புறத் திருகு ஒன்றினால் பூட்டும் டி-லொக் முறைக்கு 2010இல் மாறியது. மகீட்டாவின் மக்பக் பெட்டி அந்தப் பூட்டோடு பொருந்துகிறது. அதனால் மகீட்டா இயந்திரம் வைத்திருப்பவர் சிஸ்டெய்னர் வகைப் பெட்டிகளையும் தேடலாம். பக்அவுட் 2017இல் வந்தது. அதற்கான பெட்டி, தட்டு, பை ஆகியவற்றின் வகைகள் மிக அதிகம் என்றாலும் நம் பக்கத்துக் கடைகளில் அவற்றைத் தனித்தனியாக எடுப்பது எளிதல்ல.

என் தீர்ப்பு இதுதான்: ஒரு பெட்டி உடைந்தால் அதே வகைப் பெட்டி ஒன்றை மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ, அல்லது குறைந்தபட்சம் கொழும்பிலிருந்து பார்சலிலோ எடுப்பிக்க முடிகிற குடும்பத்தையே தேர்ந்துகொள்ளுங்கள். மூன்று பெட்டிச் செற்றாக மட்டும் விற்று, தனிப்பெட்டி இல்லை என்று கடைக்காரர் கைவிரிக்கும் மலிவான வகையில், ஒரு கொளுவி போனால் செற்று முழுவதும் போனதற்குச் சமம்.

ஐபி65 என்று எழுதியிருக்கிறது. மழைக்கு முற்றாகப் பாதுகாப்பா?

ஐபி என்பது தூசியையும் நீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் குறியீடு. அதில் முதல் இலக்கமான 6, தூசி உள்ளே புகாது என்பதைக் குறிக்கிறது. இரண்டாவதான 5, எந்தத் திசையிலிருந்தும் பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. வாடைக்கால மழையில் திறந்த லொறியில் போவதற்கு இது போதும். நீரில் மூழ்குவதற்கு இது போதாது. அதற்குரிய இலக்கம் 7, அதாவது 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம். 2011 தை மாதத்தில் வந்தது போன்ற வெள்ளம் வீட்டுக்குள் ஏறும் நாளில் ஐபி65 பெட்டியையும் பரணில் ஏற்றத்தான் வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைத் தெருக்களில் எழும் புழுதிக்கு அந்த 6 மிகவும் பெறுமதியானது. கிரைண்டரின் உள்ளே மண் போவது பெரிதும் குறையும்.

ஆனால் பலர் எண்ணாத மறுபக்கம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து ஈரத்தை விடாத றப்பர் பட்டி, உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடாது. மழையில் நனைந்த உளியைச் சீலைத்துண்டில் சுற்றி, நன்றாக மூடும் பெட்டியில் வைத்து, நாலு நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். திறந்தபோது உளியின் உடலில் துணியின் மடிப்பு எப்படி இருந்ததோ அப்படியே செம்மஞ்சள் வரிகளாகத் துரு படிந்திருந்தது. பக்கத்தில் காற்றோட்டமுள்ள பழைய மரப்பெட்டியில் கிடந்த உளிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழ்கிற நமக்கு உப்புக்காற்று வேறு சேர்ந்துகொள்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கிறது.

ஆகவே மாலையில் வீட்டுக்கு வந்ததும் மூடிகளைத் திறந்து, ஃபான் காற்றில் அரை மணி நேரம் விட்டு, இரும்புச் சாமான்களில் மெசின் எண்ணெய் தோய்ந்த துணியை ஒரு தடவை ஓடவிட்டு, அதன் பின்னரே மூடுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம், ஆனால் அது ஈரத்தைக் குடித்து முடித்த பிறகு வெறும் பொட்டலம்தான். நிறம் மாறும் வகையாயின் மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். தேங்காயெண்ணெய் பூச வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

எந்தப் பிளாஸ்டிக் நல்லது?

பொதுவாகக் காணப்படுபவை இரண்டு: பொலிபுரொப்பிலீன், ஏபிஎஸ். முன்னது சற்று வளைந்து கொடுக்கும், விழுந்தால் பிளக்காது. பின்னது விறைப்பானது, அளவு மாறாது; சிஸ்டெய்னர் இவ்வகை. குழாய் வேலை செய்பவர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எஸ்லோன் குழாய் ஒட்டும் பசையிலும் தின்னரிலும் உள்ள கரைப்பான்கள் ஏபிஎஸ்ஸை இளக்கிவிடும். மூடி சரியாகப் பூட்டாத பசை டின் ஒன்று ஓர் இரவு கவிழ்ந்து கிடந்தால் பெட்டியின் அடி மெழுகு போலாகிவிடும். பசைக்குப் பொலிபுரொப்பிலீன் பெட்டியோ பழைய பால்மா டின்னோ பாதுகாப்பு.

இரண்டுமே வெயிலுக்குப் பகை. புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் இல்லாத மலிவான பிளாஸ்டிக், வெளியில் கிடக்கக் கிடக்க வெளுத்து, விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு போலப் படியும். அந்த நிலைக்கு வந்த பெட்டியின் கைபிடியை நம்ப வேண்டாம்.

சில்லு வைத்த அடிப்பெட்டி அவசியமா?

ஆஸ்பத்திரி, பாடசாலை, ஹோட்டல் போன்ற சீமெந்துத் தளமுள்ள இடங்களில் வேலை செய்பவருக்குப் பெரும் உதவி. நாவலடியிலும் கல்லடிக் கடற்கரை ஒழுங்கைகளிலும் வெறும் சுமை. சின்னச் சில்லு மணலில் உருளாது, உழுதுகொண்டு போகும். அப்படியான இடங்களுக்கும் போவதானால், சில்லு விட்டம் குறைந்தது ஒரு சாண் அளவாவது இருக்கும் வகையைப் பாருங்கள். இல்லாவிட்டால் சில்லுப் பலகை ஒன்றைத் தனியாக வாங்கி, தேவையான நாளில் மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

கட்டாரிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் மூலம் எடுப்பிக்கலாமா?

எடுப்பிக்கலாம், ஆனால் பெட்டி என்பது பெரும்பாலும் காற்று. விமானச் சரக்கில் உண்மைப் பாரம், கன அளவுப் பாரம் இரண்டில் எது கூடுதலோ அதற்கே காசு அறவிடுகிறார்கள். 56 × 47 × 65 சென்டிமீற்றர் அளவுள்ள, சில்லு வைத்த பெரிய பெட்டி ஒன்றின் கன அளவை வழக்கமான 6000 என்ற எண்ணால் வகுத்தால் 28 கிலோவுக்கு மேல் வருகிறது. வெறும் பெட்டியின் உண்மைப் பாரம் அதில் பாதியைக்கூட எட்டாது. கப்பலில் அதே பெட்டி 0.17 கன மீற்றர்தான் என்பதால், பொறுத்திருக்க முடிந்தவர்களுக்குக் கப்பலே இலாபம். எப்படி அனுப்பினாலும் வெறுமையாக அனுப்பவிடாதீர்கள். எனக்கு வந்த பெட்டிக்குள் பேரீச்சம்பழமும் பிள்ளைகளின் சட்டைகளும் ஒரு போர்வையும் இருந்தன. திருகாணி அறைகளில் இன்றும் சில நேரம் பேரீச்சம்பழ மணம் வருகிறது. கையோடு கொண்டுவருவதானால், நீளம், அகலம், உயரம் மூன்றின் கூட்டுத்தொகை 158 சென்டிமீற்றருக்கு மேற்போகக் கூடாது என்று பல விமான நிறுவனங்கள் வரையறுப்பதையும் மேலே சொன்ன பெட்டி 168 வருவதையும் கவனியுங்கள்.

பெட்டியோடு இயந்திரங்களும் வருவதாயின் இரண்டு எச்சரிக்கைகள். கழற்றி வைத்த லிதியம் பற்றரிகளைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், சரக்குப் பெட்டியில் போட முடியாது. 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை. 100க்கும் 160க்கும் இடைப்பட்டதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 18 வோல்ட் 5 அம்பியர்-மணி பற்றரி 90 வாட்-மணி என்பதால் தப்பிவிடும், 6 அம்பியர்-மணி ஆயின் 108 ஆகிவிடும். இரண்டாவது, கனடாவில் வாங்கிய சார்ஜர் 120 வோல்ட்டுக்கு உரியது. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அது அங்கேயே முடிந்துவிடும். கட்டாரில் வாங்கிய சார்ஜரில் இந்தச் சிக்கல் இல்லை.

பற்றரிகளைப் பெட்டிக்குள்ளேயே வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் திருகாணிகளோடு சேர்த்துக் கொட்டி வைக்கக் கூடாது. இரு முனைகளையும் ஓர் ஆணி தொட்டால் போதும், தீப்பிடிக்க. 50 பாகை செல்சியசைத் தாண்டக்கூடிய இடத்தில் வைக்க வேண்டாம் என்று உற்பத்தியாளர்கள் எழுதுகிறார்கள். நண்பகல் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வானுக்குள் கறுப்புப் பெட்டி அந்த அளவைத் தொடுவது அரிதல்ல.

நம்மூர் ஓடாவியிடம் பலகையில் செய்விக்கலாமா?

தாராளமாக. 44 × 36 × 25 சென்டிமீற்றரில் ஒரு பெட்டியை 9 மில்லிமீற்றர் பிளைவூட்டில் செய்தால் ஏறத்தாழ 4 கிலோ வரும். பிளாஸ்டிக்கைவிடச் சற்றுப் பாரம், ஆனால் உடைந்தால் அன்றைக்கே திருத்தலாம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே அடியளவு, மூடியைச் சுற்றி ஒரு விரற்கடை உயரச் சட்டம், அதற்குள் மேற்பெட்டி இறங்கும்படி அடி, இரு பக்கமும் டிரங்குப் பெட்டிக்குப் போடும் இரும்புக் கொளுவி என்று சொல்லிவிட்டால் அனுபவமுள்ள ஓடாவி வரைபடம் கேட்க மாட்டார். வானுக்குள் நிலையாக நிற்கும் பெட்டிகளுக்கு நான் இதையே விரும்புகிறேன். மழையில் தூக்கித் திரியும் பெட்டிக்கு மட்டும் பிளாஸ்டிக்.

கடையில் நின்று எப்படிச் சோதிப்பது?

ஒன்றை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், இரண்டைக் கேட்டு எடுத்துப் பூட்டுங்கள். கீழ்ப்பெட்டிக்குள் பாரமான எதையாவது, ஒரு பொதி ஆணியையாவது வைத்து, மேற்கைபிடியால் தூக்கி இரண்டு குலுக்குக் குலுக்குங்கள். இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி தெரிந்தால் அந்தப் பூட்டு ஓராண்டுக்கு மேல் நில்லாது. பிறகு கொளுவியின் அச்சைப் பாருங்கள். குறுக்கே உருக்குக் கம்பி ஓடியிருந்தால் நல்லது, பிளாஸ்டிக்கின் மெல்லிய மடிப்பே அச்சாக இருந்தால் அந்த இடம்தான் முதலில் போகும். கொளுவியின் இடுக்கில் மணல் சேருமா, சேர்ந்தால் பழைய பல்துலக்கி நுழைந்து துடைக்க இடமிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

களவு போகாமல் இருக்க?

ஆமைப்பூட்டுப் போடும் துளை இருந்தால் அது உள்ளே கை வைப்பதைத்தான் தடுக்கும், பெட்டியோடு தூக்கிச் செல்வதை அல்ல. வேலைத்தளத்தில் இரவு விட வேண்டுமாயின் கைபிடிகள் வழியே சங்கிலி ஓட்டித் தூணில் கட்டுங்கள்.

உள்ளே எப்படிப் பிரித்து அடுக்குவது?

சுத்தியல்கள் ஒரு பெட்டி, குறடுகள் ஒரு பெட்டி என்று இனவாரியாகப் பிரிப்பது பார்க்க அழகாக இருக்கும், வேலைக்கு உதவாது. எந்த வேலைக்குப் போனாலும் எல்லாப் பெட்டியையும் தூக்க வேண்டி வரும். வேலைவாரியாகப் பிரியுங்கள். என்னிடம் ஒரு பெட்டி முழுவதும் பழுது பார்ப்பதற்கு: ரெஸ்டர், மல்டிமீற்றர், இரண்டு ஸ்குரூ டிரைவர், ஒரு குறடு, இன்சுலேஷன் ரேப், ஒரு ரோச். விசிறி சுற்றவில்லை என்று அழைப்பு வந்தால் அது மட்டும் போகிறது. இன்னொன்று சுவரில் துளையிட்டுக் குழாய் ஓடவிடுவதற்கு. குறடும் ஸ்குரூ டிரைவரும் இரண்டு பெட்டியிலும் இருக்கும். இரட்டிப்பாக வாங்கிய அந்தச் செலவுக்காக நான் ஒருபோதும் வருந்தியதில்லை.

ஒவ்வொரு மூடியின் உட்புறத்திலும், உள்ளே இருக்க வேண்டியவற்றின் பட்டியலை அழியாத மையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். நகரிலிருந்து 60 கிலோமீற்றருக்கு மேல் உள்ள வாகரையில், ஒரு வீட்டின் சீலிங்குக்கு மேலே மல்டிமீற்றரை மறந்து வந்து, மறுநாள் அதற்காகவே திரும்பப் போன பிறகு செய்த ஏற்பாடு அது. இப்போது வேலை முடிந்ததும் உதவிக்கு வரும் தம்பி பட்டியலை உரக்க வாசிப்பார், நான் ஒவ்வொன்றாக உள்ளே வைப்பேன். அவர் கடைசி வரியை வாசிக்கும்வரை கொளுவி பூட்டப்படுவதில்லை.